அர்மா பேராயர் மலாக்கி: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தபோது, "கடைசி போப் இவர்தான், மலாக்கி அன்றைக்கே சொல்லிவிட்டார்" என்ற வாட்ஸ்அப் செய்தி வராத கைபேசி இல்லை. அதைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளையும், பதில் சொல்லப்போய் அதிலிருந்து கிளைத்த கேள்விகளையும் இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். வரப்போகும் போப்புகளை மலாக்கி முன்கூட்டியே குறித்துவைத்ததாகச் சொல்லப்படும் பட்டியல் மட்டும் போதும் என்பவர்கள் கடைசி மூன்று கேள்விகளுக்குத் தாவிவிடலாம். ஆனால் சரக்கு நடுவில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

மலாக்கின்னா பழைய ஏற்பாட்டுல வர்ற இறைவாக்கினர்தானே?

இல்லை. அவர் கிறிஸ்துவுக்கு முந்தியவர். நாம் பேசுவது 12ஆம் நூற்றாண்டு அயர்லாந்துக்காரரைப் பற்றி. 1094இல் அர்மா நகரில் பிறந்து, அங்கேயே பேராயராகி, 1148இல் பிரான்சில் இறந்தவர். ஐரிஷ் மொழியில் அவர் பெயர் மேல் மேடோக். லத்தீனில் எழுதியவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை போலும். ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிற விவிலியப் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

1190இல் திருத்தந்தை மூன்றாம் கிளமெண்ட் இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ரோம் முறைப்படி விசாரித்துப் பட்டம் கொடுத்த முதல் ஐரிஷ்காரர் இவர். பேட்ரிக், பிரிஜிட், கொலும்பா போன்றவர்களை மக்களே புனிதர்களாக வணங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு விசாரணை நடக்கவில்லை.

அர்மாவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மரியாதை? தலைநகரமா அது?

அரசியல் தலைநகரம் அல்ல. அப்போது அயர்லாந்து முழுவதற்கும் ஒரே அரசர் என்று எவரும் நிலைக்கவில்லை. வடக்கே ஒருவர், மேற்கே கொனாக்டில் ஒருவர், தெற்கே மன்ஸ்டரில் ஒருவர் என்று பலர். "தீவுக்கே அரசன்" என்று சொல்லிக்கொண்டவரையும் மற்றவர்கள் சும்மா விட்டதில்லை. இந்தச் சச்சரவுக்கு நடுவே எல்லோரும் பொதுவாகத் தலைவணங்கிய இடம் அர்மா. காரணம், 5ஆம் நூற்றாண்டில் புனித பேட்ரிக் நிறுவிய ஆலயம் அது என்ற நம்பிக்கை. அங்கே தலைமை வகிப்பவருக்குப் "பேட்ரிக்கின் வாரிசு" என்றே பட்டம். இன்றும் அயர்லாந்தின் கத்தோலிக்கத் தலைமைப் பேராயர், ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் இருவருக்கும் இருக்கை அங்கேதான்.

வாரிசுன்னா நிஜமாவே வாரிசா? அப்பா, மகன், பேரன்னு?

ஏறக்குறைய அப்படித்தான். 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து கிளான் சீனாய் என்ற ஒரே குலம் அர்மாவைக் கையில் வைத்திருந்தது. பதவி அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவந்தது. அவர்களில் எட்டுப் பேர் திருமணமானவர்கள், குருப்பட்டம் பெறாதவர்கள், ஆனால் படித்தவர்கள் என்று பிரான்சின் கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்து எழுதுகிறார். (மலாக்கியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் இவர்தான். இனி அடிக்கடி வருவார்.)

"அப்போ ஆயரே (பிஷப்பே) இல்லாத திருச்சபையா?" என்று உடனே கேட்பார்கள். ஆயர்கள் எப்போதும் இருந்தார்கள். குருப்பட்டம் கொடுப்பது, ஆலயத்தை அர்ச்சிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் நிலம், வருமானம், அதிகாரம் மூன்றும் மடத்தின் தலைவரிடம் இருந்தன. நகரங்கள் அதிகம் இல்லாத தீவில் திருச்சபை மடங்களைச் சுற்றி வளர்ந்தது. மடத்து நிலத்தை ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிர்வகிக்கும்போது தலைமைப் பதவியும் சொத்தோடு சேர்ந்து இறங்குவது அன்றைய ஐரிஷ் பார்வையில் ஊழல் அல்ல, ஒழுங்கு. ரோமிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தாங்கமுடியாத கேடாகத் தெரிந்தது.

இதையெல்லாம் மலாக்கி தனி ஆளா வந்து மாத்தினாரா?

பெர்னார்தை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் மலாக்கி சிறுவனாக இருந்தபோதே வேலை தொடங்கிவிட்டது. 1101இல் கேஷலில் கூடிய சபை, பதவியை விலைக்கு வாங்கக்கூடாது, ஒரே ஆலயத்துக்கு இரண்டு தலைவர்கள் கூடாது என்றெல்லாம் விதித்தது. 1111இல் ராத் பிரேசிலில் கூடியவர்கள் தீவை அர்மா, கேஷல் என்ற இரண்டு திருச்சபை மாநிலங்களாகப் பிரித்து, 24 மறைமாவட்டங்களுக்கு (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிகளுக்கு) எல்லை வகுத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் லிமெரிக் ஆயர் கில்பர்ட், திருத்தந்தையின் தூதர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் கெல்லாக். அவரும் கிளான் சீனாய் குடும்பம்தான், 1105இல் பரம்பரை உரிமையில்தான் அர்மாவுக்கு வந்தார். வந்த வேகத்தில் குருப்பட்டம் வாங்கிக்கொண்டார், மறு ஆண்டே ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். தன் குடும்பத்தின் ஏகபோகத்தை உள்ளேயிருந்து உடைக்கத் தொடங்கியவர் அவர். மலாக்கியை வளர்த்துவிட்டதும் அவரே.

டப்ளின் இந்தக் கணக்குல எங்க வருது?

அப்போது வரவில்லை. டப்ளின் ஸ்காண்டிநேவியர் குடியேறி வளர்த்த துறைமுகம். அதன் ஆயர்கள் கடல் தாண்டி இங்கிலாந்தின் கேண்டர்பரிக்குப் போய்த் திருநிலைப்படுத்தப்பட்டார்கள். 1074இல் பேட்ரிக் என்ற டப்ளின் ஆயரை அப்படி அபிஷேகம் செய்தவர் பேராயர் லான்ஃபிராங்க். எனவே "அயர்லாந்துக்கும் நாங்களே தலைமை" என்று கேண்டர்பரி சொல்லிக்கொள்ள இடம் கிடைத்தது. அர்மாவையும் கேஷலையும் ரோம் முறைப்படி ஏற்கவேண்டும் என்று ஐரிஷ் ஆயர்கள் துடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மலாக்கியோட குடும்பம் எப்படி? ஏழையா?

படிப்பாளிக் குடும்பம். தந்தை முக்ரோன் அர்மா கல்விக்கூடத்தின் தலைமை ஆசிரியர். மகனுக்கு எட்டு வயது ஆவதற்குள், 1102இல் இறந்துவிட்டார். பிறகு இளைஞன் மலாக்கி, அர்மா ஆலயத்தின் அருகே ஒரு சிற்றறையில் தவவாழ்வு வாழ்ந்த இமார் என்பவரிடம் சீடனாகச் சேர்ந்தார். நல்ல குடும்பத்துப் பையன் இப்படிப் போய் உட்கார்ந்தது ஊரில் பேச்சானது.

குருவுக்கு முந்திய படியான திருத்தொண்டராக இருந்த நாட்களில் அநாதையாக இறந்த ஏழைகளைத் தூக்கிப் போய் அடக்கம் செய்வது அவர் வழக்கம். அவருடைய அக்காவோ தங்கையோ, பெர்னார்து பெயர் சொல்லவில்லை, இதைக் குடும்பத்துக்கே அவமானமாக நினைத்தார். "இறந்தவர்களை இறந்தவர்கள் அடக்கம் செய்யட்டும் என்று வேதத்திலேயே இருக்கிறதே" என்று வாய்ச்சண்டைக்கு வந்தார். இந்தச் சகோதரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

25 வயசுல குருவாயிட்டாராமே, அது சட்டப்படி செல்லுமா?

அன்றைய விதி 30 வயது. கெல்லாக் அதை ஒதுக்கிவைத்து 1119இல் குருப்பட்டம் கொடுத்தார், சீக்கிரமே தன் பதிலாளாகவும் வைத்துக்கொண்டார். பெர்னார்து இந்த மீறலைக் கண்டும் காணாமல் போகவில்லை. ஆர்வத்தினாலும் தகுதியினாலும் நேர்ந்தது என்று சமாளிக்கிறார். சட்டத்தை நிலைநாட்ட வந்தவரின் தொடக்கமே விதிவிலக்கு என்பதில் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு உண்டு.

பிறகு தெற்கே லிஸ்மோருக்குப் போய் ஆயர் மால்குஸ் என்பவரிடம் படித்தார். மால்குஸ் இங்கிலாந்தின் வின்செஸ்டர் மடத்தில் துறவியாக இருந்தவர், வெளிநாட்டு முறைகள் அத்துப்படி. 1127இல் அரியணை இழந்த கோர்மாக் என்ற தெஸ்மண்ட் அரசர் லிஸ்மோரில் அடைக்கலம் புகுந்து ரொட்டியும் உப்பும் தண்ணீருமாக வாழ்ந்தபோது, அவருக்கு மலாக்கி ஆன்மிகத் துணையாக இருந்தார். கோர்மாக் மறுபடி அரசரானார். கேஷல் பாறைமேல் அவர் கட்டி 1134இல் அர்ச்சிக்கப்பட்ட சிற்றாலயம் இன்றும் நிற்கிறது.

பேங்கர் மடம், கானர் மறைமாவட்டம்னு ரெண்டு பேரும் வருது. எதுல இருந்தார்?

இரண்டிலும். பேங்கர் ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே துறவிகளை அனுப்பிய மடம்; கொலும்பானுஸ் அங்கிருந்து புறப்பட்டவர்தான். கடற்கொள்ளையர் அழித்த பின் இடிபாடாகக் கிடந்தது, ஆனால் நிலபுலன்கள் மட்டும் ஒரு குடும்பத்தின் கையில் பத்திரமாக இருந்தன. அந்தக் குடும்பம் மலாக்கியின் தாய்வழி உறவு. மாமா எல்லாவற்றையும் மருமகனிடம் ஒப்படைத்தார். மலாக்கி இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொத்தை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டார். இதைப் பெர்னார்தே குறையாகத்தான் பார்க்கிறார், ஏழ்மையை அளவுக்கு மீறி விரும்பிவிட்டார் என்று. பத்துச் சகோதரர்களோடு போய், இழைத்த பலகைகளால் ஒரு ஆலயம் எழுப்பினார்.

1124இல் ஆயரானதும் கானர் மக்களைப் பார்த்து அதிர்ந்தார் என்கிறார் பெர்னார்து: பெயரளவில் கிறிஸ்தவர்கள், செயலில் புறவினத்தார், ஒப்புரவு கிடையாது, முறையான திருமணம் கிடையாது. மலாக்கி கால்நடையாகவே ஊர் ஊராக, வீடு வீடாகச் சுற்றினார். தனக்கென்று வீடோ, பணியாளோ, ஆயர் இல்லத்துக்கென்று ஒதுக்கிய வருமானமோ கடைசிவரை வைத்துக்கொள்ளவில்லை. 1127இல் ஒரு படையெடுப்பில் எல்லாம் அழிந்து, துறவிகளோடு தெற்கே ஓடவேண்டி வந்தது.

அர்மா பேராயரா நியமிச்ச பிறகும் ஏன் ஊருக்குள்ளயே போகாம இருந்தார்?

1129இல் கெல்லாக் சாகும் தறுவாயில், தனக்குப் பின் மலாக்கிதான் என்று சொல்லித் தன் செங்கோலையும் அவருக்கு அனுப்பிவைத்தார். கிளான் சீனாய் விடுமா? முர்கெர்டாக் என்ற உறவினரை உடனே இருக்கையில் உட்கார வைத்தார்கள். மலாக்கியும் விரும்பவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1132இல், மால்குஸும் கில்பர்ட்டும் "மறுத்தால் சபைநீக்கம்" என்கிற அளவுக்கு மிரட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு: அமைதி திரும்பியதும் பதவியை விட்டுவிட்டு என் பழைய ஏழ்மைக்கே போய்விடுவேன்.

ஒப்புக்கொண்ட பிறகும் நகருக்கு வெளியே மாநிலத்தில் பணி செய்தாரே தவிர, உள்ளே நுழையவில்லை. நுழைந்தால் இரத்தம் சிந்தும் என்று தெரியும். 1134இல் முர்கெர்டாக் இறந்தபின்தான் போனார். அப்போதும் எளிதாக இல்லை. கெல்லாக்கின் சொந்தத் தம்பி நியால் அடுத்த போட்டியாளராகி, அர்மாவின் இரண்டு பொக்கிஷங்களோடு கிளம்பிவிட்டான்.

ரெண்டு பொக்கிஷமா? ஒரு கோலும் புத்தகமும் போனா போகட்டுமே?

போகட்டும் என்று விட முடியாது. ஒன்று "இயேசுவின் கோல்": கிறிஸ்துவே கொடுத்து பேட்ரிக்கின் கைக்கு வந்தது என்று நம்பப்பட்ட, பொன்னும் மணியும் போர்த்த கோல். மற்றது அர்மா நூல்: 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெர்தோம்நாக் என்ற எழுத்தர் படியெடுத்தது. புதிய ஏற்பாடு முழுவதும், பேட்ரிக் தன்னைப் பற்றி எழுதிய அறிக்கையும் அதில் உண்டு. இவை எவர் கையிலோ அவரே உண்மையான ஆயர் என்று மக்கள் நினைத்தார்கள். "அறிவில்லாத மக்கள்" என்று பெர்னார்து எரிச்சல்படுகிறார்.

ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு 1135இல் ஒரே வரியில் முடிக்கிறது: மேல் மேடோக் கோலை விலைக்கு வாங்கினார். பெர்னார்து இந்த விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பதவிக்குக் காசு கொடுப்பதைப் பாவம் என்று சொன்ன இயக்கத்தின் நாயகன், பதவியின் அடையாளத்தைக் காசு கொடுத்து மீட்டார் என்றால் எழுதச் சங்கடமாக இருந்திருக்கும். எனக்கென்னவோ, இந்த ஒரு வரியில்தான் மலாக்கி நடைமுறை தெரிந்த மனிதராகத் தெரிகிறார். நூல் இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. கோலை 1538இல், எட்டாம் ஹென்றியின் காலத்தில், டப்ளினில் எரித்துவிட்டார்கள்.

இவ்வளவு போராடி ஜெயிச்சிட்டு ஏன் ராஜினாமா?

முன்பு சொன்ன நிபந்தனைதான். 1137இல் டெர்ரி மடாதிபதி கில்லா மாக் லியாக் என்பவரை அமர்த்திவிட்டு இறங்கினார். புதியவர் கிளான் சீனாய் அல்ல. அவர் 1174 வரை, ஏறத்தாழ 37 ஆண்டுகள், அந்த இருக்கையில் இருந்தார். குலத்தின் பிடி உண்மையில் உடைந்தது அந்த நீண்ட காலத்தில்தான்.

மலாக்கி பழைய இடத்துக்குத் திரும்பினார், அதிலும் பாதிக்கு. தன் மறைமாவட்டத்தை டவுன், கானர் என்று இரண்டாக்கி, கானருக்கு வேறொருவரை நியமித்து, சிறியதான டவுனைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

ரோமுக்கு எதுக்குப் போனார்? பாலியம்னா என்ன?

பாலியம் என்பது வெண்கம்பளியில் சிலுவைகள் பதித்து நெய்த, தோளைச் சுற்றி அணியும் பட்டை. திருத்தந்தை அதை அனுப்பினால்தான் ஒருவர் முழு உரிமையுள்ள பேராயர். அர்மாவுக்கும் சரி, கேஷலுக்கும் சரி, அதுவரை வந்ததில்லை. அதைக் கேட்கத்தான் 1139இல் கிளம்பினார்.

குருக்கள் ஐந்து பேர், உதவியாளர்கள் வேறு, குதிரைகள் மூன்றே. யார்க் நகரில் வால்தேயோஃப் என்ற மடத்தலைவர் இதைக் கண்டு தன் குதிரையைக் கொடுத்தார், தூக்கித் தூக்கிப் போடும் முரட்டு நடைக் குதிரை என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மலாக்கி சாகும்வரை ஒன்பது ஆண்டு அந்தக் குதிரைதான் உழைத்தது.

ரோமில் திருத்தந்தை இரண்டாம் இன்னொசென்ட், "ஆயர்கள், குருக்கள், பெரியோர்கள் எல்லாரும் கூடிப் பொதுவில் கேளுங்கள், தருகிறேன்" என்று தள்ளிப்போட்டார். ஆனால் தன் தலையிலிருந்த மைட்டரை (ஆயர்கள் அணியும் உயரமான தொப்பியை) கழற்றி மலாக்கிக்கு அணிவித்து, அயர்லாந்து முழுவதற்கும் தன் தூதராக்கி அனுப்பினார். வழியில் பார்த்த பெர்னார்தின் கிளேர்வோ மடத்திலேயே துறவியாகத் தங்கிவிட அனுமதி கேட்டார் மலாக்கி. அது மட்டும் கிடைக்கவில்லை.

கிளேர்வோ பயணத்தால அயர்லாந்துக்கு என்ன லாபம்?

தான் தங்க முடியாததால் தன்னுடன் வந்த நால்வரைப் பயிற்சிக்கு விட்டுவந்தார். அதன் பலன் 1142இல் மெலிஃபான்ட்: அயர்லாந்தில் சிஸ்டர்சியன் சபையின் (பெர்னார்து சேர்ந்த துறவற சபையின்) முதல் மடம். நிலம் கொடுத்தவர் ஏர்கியாலா அரசர் டோனஹா ஓ கெரொல், முதல் மடாதிபதி கிறிஸ்டியன் என்ற ஐரிஷ்காரர். கட்டட வேலைக்குப் பிரான்சிலிருந்து ராபர்ட் என்பவர் வந்தார். பிரெஞ்சுத் துறவிகளுக்கும் ஐரிஷ் துறவிகளுக்கும் ஒத்துப்போகாமல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப்போனதும் உண்டு. அப்படியும் சில ஆண்டுகளில் ஐந்து கிளை மடங்கள் முளைத்துவிட்டன.

எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்கவேண்டாம். பேங்கரில் பழைய பலகைக் கோயிலுக்குப் பதில் கல்லில் ஒன்று கட்டத் தொடங்கியபோது ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "இது என்ன புதுப்பழக்கம்? நாம் ஸ்காட்டுகள், காலியர்கள் அல்ல." (அந்தக் காலத்தில் ஸ்காட்டுகள் என்றால் ஐரிஷ்காரர்கள், காலியர்கள் என்றால் பிரெஞ்சுக்காரர்கள்.) பெர்னார்து அவரை வம்புக்காரர் என்று ஒதுக்குகிறார். ஆனால் அதே பெர்னார்துதான் அந்தப் பலகைக் கோயிலை "ஐரிஷ் வேலைப்பாடு, அழகாகவே இருந்தது" என்றும் எழுதியிருக்கிறார். கேட்டவர் அவ்வளவு அபத்தமாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

அந்தச் சகோதரி விஷயம் என்ன ஆச்சு?

சகோதரியின் வாழ்க்கைமுறை பிடிக்காமல், "இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்று மலாக்கி சபதம் செய்திருந்தார். அவள் இறந்த பிறகு ஒரு நாள் மலாக்கிக்குக் கனவு: சகோதரி ஆலய முற்றத்தில் நிற்கிறாள், முப்பது நாளாக எதுவும் சாப்பிடவில்லை. விழித்துக் கணக்குப் பார்த்தால், அவளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதை நிறுத்தி முப்பது நாள். மறுபடி தொடங்கினார். அடுத்த கனவில் கறுப்பு உடையில் வாசற்படிவரை வந்தாள். பிறகு மங்கல் வெள்ளையில் ஆலயத்துக்குள், ஆனால் பீடத்தருகே போக முடியவில்லை. கடைசியில் தூய வெண்ணுடையில், வெண்ணுடை அணிந்த கூட்டத்தோடு. இறந்தோருக்கான செபத்தைப் போதிக்க எழுதிய கதைதான். ஆனாலும் உயிரோடு இருந்தபோது பேச மறுத்தவனை, செத்த பிறகு சாப்பாடு கேட்டு வந்து நிற்கும் சகோதரியை எந்த அண்ணன் தம்பியால் மறக்க முடியும்?

எங்க இறந்தார்? பாலியம் கிடைச்சதா?

1148இல், டப்ளினுக்கு வடக்கே கடலில் உள்ள இனிஸ் பாட்ரிக் தீவில் ஆயர்களையும் குருக்களையும் கூட்டி, திருத்தந்தை கேட்டபடி பொதுவில் விண்ணப்பம் நிறைவேற்றி, மறுபடி கிளம்பினார். பிரான்சில் இருந்த திருத்தந்தை மூன்றாம் யூஜினைப் பிடித்துவிடலாம் என்ற கணக்கு. இங்கிலாந்து அரசருக்கும் திருத்தந்தைக்கும் நடந்த பூசலில் கடல் கடக்கத் தாமதமாகி, போய்ச் சேர்வதற்குள் யூஜின் இத்தாலிக்குப் புறப்பட்டுவிட்டார்.

அக்டோபரில் கிளேர்வோ சேர்ந்தவர் சில நாளிலேயே காய்ச்சலில் விழுந்தார். சாகும் தறுவாயில் எண்ணெய் பூசும் சடங்கான நோயில்பூசுதலுக்குத் துறவிகள் மேல்மாடிக்கு வருவதாகச் சொன்னபோது, வேண்டாம் என்று தானே படியிறங்கி வந்து பெற்றுக்கொண்டு, நடந்தே மேலே போனார். அனைத்து ஆன்மாக்கள் நாளான நவம்பர் 2இல் இறந்தார். அதனால்தான் அவர் திருவிழா நவம்பர் 3க்குத் தள்ளிப்போனது. 1153இல் இறந்த பெர்னார்தையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

பாலியம் 1152இல் வந்தது. கர்தினால் பப்பாரோ கெல்ஸ் நகரிலும் மெலிஃபான்டிலும் கூடிய சபையில் இரண்டல்ல, நான்கு பாலியங்கள் கொடுத்தார்: அர்மா, கேஷல், டப்ளின், டூவம். கேண்டர்பரியின் பிடி அத்தோடு அற்றது. 1162இல் டப்ளின் பேராயரான லோர்கன் ஓ டூலை டப்ளினிலேயே வைத்துத் திருநிலைப்படுத்தியவர் நம்ம கில்லா மாக் லியாக்.

பெர்னார்து எழுதினதை எவ்வளவு நம்பலாம்?

தேதிகளையும் ஆட்களையும் பெரும்பாலும் நம்பலாம். மலாக்கி இறந்த சூட்டோடு, உடன் வந்தவர்களிடம் கேட்டு எழுதியது. ஆனால் பெர்னார்து அயர்லாந்தில் கால் வைத்ததே இல்லை. ஐரோப்பாவின் சொகுசு ஆயர்களுக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டவேண்டும் என்பதே அவர் நோக்கம். விளக்கு பளிச்சென்று தெரியச் சுற்றிலும் இருட்டாக்கினார்: ஐரிஷ் மக்கள் காட்டுமிராண்டிகள், விலங்குகள் என்று.

அந்த "காட்டுமிராண்டிகள்" நாட்டில்தான் 1123இல் கொனாக்ட் அரசரின் ஆணைப்படி காங் சிலுவை செய்யப்பட்டது. அதன் பொன்னிழை வேலையை டப்ளின் அருங்காட்சியகத்தில் பார்த்தவர்கள் பெர்னார்தின் அந்தப் பக்கங்களைச் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். திருமண விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதற்கு வெளிச் சான்று உண்டு: ஐரிஷ் வழக்குச் சட்டம் மணமுறிவை அனுமதித்தது, அதைக் கண்டித்து லான்ஃபிராங்க் ஐரிஷ் அரசருக்கே கடிதம் எழுதியிருக்கிறார்.

அப்படின்னா இந்தச் சீர்திருத்தம்தான் ஆங்கிலேயருக்குக் கதவைத் திறந்துவிட்டதா?

கதவைத் திறந்தது அரசியல். ஆட்சியிழந்த லென்ஸ்டர் அரசர் டெர்மொட் நார்மன் வீரர்களைக் கூட்டிவந்தார், 1171இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியே வந்து இறங்கினார். ஆனால் அதற்கான சாக்கு 1155லேயே தயாராக இருந்தது: ஐரிஷ் திருச்சபையைச் சீர்திருத்த ஹென்றி அங்கே போகலாம் என்று ஆங்கிலேயரான திருத்தந்தை நான்காம் ஏட்ரியன் இசைவு கொடுத்திருந்தார். அதாவது ஐரிஷ்காரர்களே நாலு பேராயர்களோடு திருச்சபையைச் சீரமைத்து முடித்த மூன்றாவது ஆண்டில்! பெர்னார்து பரப்பிய "காட்டுமிராண்டி" சித்திரம் இந்தச் சாக்குக்குத் தோதாக அமைந்தது என்பதே என் கருத்து. மலாக்கியின் மேல் பழி போடமாட்டேன், அவர் நண்பரின் பேனாவின் மேல் போடுவேன்.

இதில் ஒரு முரண். ஹென்றி கேஷலில் கூட்டிய ஆயர் சபைக்குத் தலைமை தாங்கியவர் லிஸ்மோர் ஆயர் கிறிஸ்டியன். ஆம், மெலிஃபான்டின் அதே முதல் மடாதிபதி. முதிர்ந்த கில்லா மாக் லியாக் அங்கே போகவில்லை. பின்னர் டப்ளினுக்கு வந்து அரசரோடு இசைந்தார் என்றும், போகுமிடமெல்லாம் ஒரு வெள்ளைப் பசுவைக் கூட்டிப்போய் அதன் பாலை மட்டுமே குடித்து வாழ்ந்தார் என்றும் வேல்ஸ்காரர் ஜெரால்ட் எழுதியிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வாங்க. போப் பட்டியல் மலாக்கி எழுதினதா, இல்லையா?

இல்லை. 112 சிறு லத்தீன் தொடர்கள் கொண்ட அந்தப் பட்டியல் முதன்முதலில் 1595இல், வெனிஸில், ஆர்னால்ட் வியோன் என்ற பெனடிக்ட் சபைத் துறவி வெளியிட்ட நூலில்தான் தலைகாட்டியது. மலாக்கி இறந்து 447 ஆண்டுகள் கழித்து. அவர் செய்த சின்னச் சின்ன அற்புதங்களையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய பெர்னார்துக்கு இது தெரிந்திருந்தால் விட்டிருப்பாரா?

உள்ளே பார்த்தால் குட்டு இன்னும் வெளிப்படும். 1590வரை தொடர்கள் கச்சிதமாகப் பொருந்தும். முதலாமவர் இரண்டாம் செலஸ்டின், டைபர் நதிக்கரைக் கோட்டை ஊர்க்காரர்: "டைபர் கோட்டையிலிருந்து". அடுத்த இரண்டாம் லூசியுஸின் குடும்பப் பெயருக்குப் பகைவரை விரட்டுவோர் என்று பொருள்: "விரட்டப்பட்ட பகைவன்". ஊர், குடும்பப் பெயர், சின்னம் என்று எல்லாம் அத்துப்படி. 1590க்குப் பின் திடீரென்று மங்கல். அந்த ஆண்டின் தேர்தலுக்கு வரும் தொடர் "நகரத்தின் தொன்மையிலிருந்து". போட்டியில் இருந்த கர்தினால் சிமொன்செல்லியின் ஊர் ஓர்வியேட்டோ. லத்தீனில் "பழைய நகரம்" என்று பொருள்படும் பெயர். அவருக்கு வாக்குச் சேர்க்கவே பட்டியல் புனையப்பட்டது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஜெயித்ததோ மிலானைச் சேர்ந்த ஸ்ஃபோன்ட்ராட்டி, பதினான்காம் கிரகோரி.

ஆனா இரண்டாம் ஜான் பாலுக்கு அப்படியே பொருந்துதே! கடைசி போப் "ரோமானியன் பேதுரு"ன்னா அது யாரு?

அவருக்கு வரும் தொடர் "சூரியனின் உழைப்பு". அவர் பிறந்த 1920 மே 18 அன்று சூரிய கிரகணம் என்பார்கள். கிரகணம் உண்மைதான். ஆனால் அது வாய்க்காமல் போயிருந்தால், ஓயாமல் பயணம் செய்தார், அதுதான் உழைப்பு என்றிருப்பார்கள். அப்படியும் சிலர் சொல்கிறார்கள். நடந்த பிறகு பொருத்துவதற்கு எத்தனை வழி இல்லை?

அந்தக் கணக்கில் பதினாறாம் பெனடிக்ட் 111, பிரான்சிஸ் 112. பட்டியலின்படி 112ஆவது பேதுரு ரோமானுஸ், அவரோடு ஏழு குன்றுகளின் நகரம் அழியும். பிரான்சிஸ் புவனஸ் ஐரிஸ்காரர், பெயர் பெர்கோலியோ. "அசிசி பிரான்சிஸின் அப்பா பெயர் பியெத்ரோ அல்லவா" என்று இழுத்துப் பார்த்தார்கள். சிகாகோவில் பிறந்த பதினான்காம் லியோ 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டார். ரோம் இருக்கிறது, பட்டியல்தான் தீர்ந்துவிட்டது.

111க்கும் 112க்கும் நடுவுல இடைவெளி இருக்கு, அதுல நிறைய போப் வரலாம்னு சொல்றாங்களே?

1595 பதிப்பில் "கடும் துன்புறுத்தலின்போது அமர்ந்திருப்பார்" என்ற வாக்கியம் தனி வரியாகவும், பேதுரு ரோமானுஸ் அடுத்த வரியிலும் அச்சாகியிருப்பது உண்மை. அதை வைத்து, நடுவில் பெயர் சொல்லாத போப்புகள் எத்தனை பேரும் வரலாம் என்று வாதிடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னே உள்ள 111 தொடர்களையும் ஆளுக்கு ஒன்று என்று, எதிர்ப் போப்புகளைக்கூட (போட்டிக்குப் போப் என்று நின்றவர்களைக்கூட) விடாமல் எண்ணியவர்கள், கடைசி இடத்தில் மட்டும் எண்ணுவதை நிறுத்துகிறார்கள். அச்சுக்கோத்தவர் வரியை எங்கே மடக்கினார் என்பதன் மேல் எழுந்த வாதம் அது. அதற்கும் 1148இல் கிளேர்வோவில் இறந்தவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.